சிறு ஐக்கியம் மாதாந்திர உணவுப் பை வழங்குவது எப்படி

முப்பது பேர் கூடும் ஒரு சிறு கிறிஸ்தவ ஐக்கியம் தர்மக் காரியம் ஒன்றைத் தொடங்கும்போது ஆர்வத்துக்குக் குறைவிருக்காது. மூன்றாம் மாதம்தான் சிக்கல் தலைகாட்டும். சரக்கு பாதியில் தீர்ந்துவிடும், வருவதாகச் சொன்னவர்கள் வரமாட்டார்கள், பட்டியலில் யார் பெயர் ஏன் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆகவே ஒரே ஒரு வேலையை எடுத்து, ஒரு வருடம் விடாமல் செய்ய முடிகிற அளவுக்கு அதைச் சுருக்கிக்கொள்ளுங்கள். இங்கே சொல்லப்போவது, மாதம் ஒருமுறை சில குடும்பங்களுக்கு உலர் உணவுப் பை கொடுக்கும் வேலையைப் பற்றி.

தொடங்குமுன் ஒரு மாதம் விசாரியுங்கள். பள்ளி ஆசிரியர்கள், சுகாதாரப் பணியாளர்கள், அருகிலுள்ள மற்ற சபைகள், மற்ற மதத்தினரின் உதவி அமைப்புகள் எல்லோரிடமும் இரண்டே கேள்விகள் போதும்: யாருக்கு ஏற்கெனவே உதவி கிடைக்கிறது? யார் விடுபட்டுப்போகிறார்கள்? பெரும்பாலும் விடுபடுவது தனியாக வாழும் முதியோர், படுக்கையில் கிடப்பவரைக் கவனித்துக்கொண்டு வெளியே வரமுடியாதவர்கள், அடையாள ஆவணம் இல்லாமல் புதிதாக வந்து குடியேறியவர்கள். வேறொரு குழு இதே வேலையை நன்றாகச் செய்துவந்தால், உங்கள் ஆட்களையும் பணத்தையும் அங்கே கொடுத்துவிடலாம். நம் சபையின் பெயர்ப்பலகை தொங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை.

ஆட்களும் பணமும்

முப்பது பேரும் கை தூக்கினாலும், மாதாமாதம் வந்து நிற்கப்போவது பத்துப் பேர் என்றே கணக்கு வையுங்கள். பத்துப் பேர் இருந்தால் பதினைந்து குடும்பங்களைத் தாராளமாகக் கவனிக்கலாம். வாங்குவதற்கும் சரக்கைப் பாதுகாப்பதற்கும் இருவர், கணக்குக்கு இருவர், பை கட்டிக் கொடுக்க நால்வர், வீடுகளைச் சந்திக்க இருவர். வாங்குபவரே கணக்கும் எழுதக்கூடாது. ஜெபமும் போதனையும் தடைபடாமலிருக்க, போதகர் இந்தப் பத்துப் பேரில் இல்லாமலிருப்பது நல்லது. வேதாகமத்தில், அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், அன்றாட விசாரணையில் (தினசரி உதவிப் பங்கீட்டில்) சில விதவைகள் விடுபடுகிறார்கள் என்ற முறுமுறுப்பு எழுந்தபோது, அந்தப் பொறுப்பு தனியாக ஏழு பேரிடம் ஒப்படைக்கப்பட்டதும் இதே காரணத்துக்காகத்தான்.

மூன்று மாதச் செலவு கையில் சேர்ந்த பிறகே முதல் பையைக் கட்டுங்கள். இந்தப் பணம் பொதுக் காணிக்கையோடு கலக்கவேண்டாம். தனி உறை, தனிக் கணக்குப் புத்தகம். உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் அதே இடத்தில் கையெழுத்திட வேண்டும். உணவுக்கென்று கொடுத்ததைக் கூரை ஒழுகுகிறது என்பதற்காகத் திருப்பிவிடக்கூடாது. கொடுத்தவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் மாற்றலாம். மாதக் கடைசியில் வரவு, செலவு, மிச்சம், எத்தனை குடும்பம் என்ற நான்கு எண்களைச் சபையில் வாசியுங்கள். பெயர்கள் வேண்டாம். எருசலேமுக்கான தர்மப் பணத்தைப் பவுல் தனியொருவரிடம் கொடுத்தனுப்பவில்லை. தம் உடன் ஊழியரான தீத்துவோடு இன்னும் இரு சகோதரர்களை அனுப்பியதையும், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கே அப்படிச் செய்ததையும் 2 கொரிந்தியர் 8இல் அவரே எழுதுகிறார்.

பட்டியல்

ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு எண், அந்த எண் எழுதிய ஒரு அட்டை. பதிவேட்டில் வேண்டியவை: வீட்டில் எத்தனை பேர், ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள் எத்தனை, சாப்பாட்டில் கட்டுப்பாடு உள்ள நோய் யாருக்காவது உண்டா, பையைத் தூக்கிச் செல்ல ஆள் இருக்கிறதா, சமைக்க அடுப்பும் எரிபொருளும் இருக்கிறதா. கடைசிக் கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். எரிபொருள் இல்லாத வீட்டில் பருப்பு மூட்டை வெறும் சுமைதான். மதம், சபை என்று ஒரு பத்தியும் பதிவேட்டில் இருக்கக்கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதை முதலிலேயே எழுதிவைத்துவிடுங்கள். வருமானம் நின்றுபோனவர், தனித்திருக்கும் முதியவர், கைக்குழந்தையோடு தனியாக இருப்பவர் என்று மூன்று நான்கு விதிகள் போதும். எழுதிய விதி இல்லாத இடத்தில், பட்டியல் மெல்ல மெல்லச் சபை உறுப்பினரின் சொந்தக்காரர்களால் நிரம்பும். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. தெரிந்த முகத்தின் கஷ்டம் முதலில் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். சொந்தக்காரர் பெயர் வந்தால், அதைச் சொன்னவர் அந்த முடிவில் கலந்துகொள்ளக்கூடாது.

இன்னொரு ஓட்டை ஜெபக் கூட்டம். "இன்ன வீட்டுக்காகப் பாரத்தோடு ஜெபியுங்கள், அடுப்பு எரியவில்லை" என்று ஒருவர் எழுந்து சொன்னால், மாலைக்குள் அது தெரு முழுக்கப் போய்விடும். ஜெபக் குறிப்பில் பதிவு எண்ணைச் சொன்னால் போதும், கர்த்தருக்கு ஆள் தெரியும்.

பையில் என்ன, எவ்வளவு

நிவாரணப் பணிகளில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 2,100 கிலோகலோரி என்று கணக்கிடுவார்கள். அதன் முக்கியப் பகுதிகளாக வழக்கமாக வைப்பது தானியம் 400 கிராம், பருப்பு வகை 60 கிராம், எண்ணெய் 25 கிராம், அயோடின் கலந்த உப்பு 5 கிராம். நால்வர் உள்ள வீட்டுக்கு ஏழு நாளைக்குக் கணக்குப் போட்டால் தானியம் 11.2 கிலோ, பருப்பு 1.68 கிலோ, எண்ணெய் 700 கிராம், உப்பு 140 கிராம் வரும். பதினைந்து குடும்பங்களுக்குத் தானியம் மட்டுமே 168 கிலோ. இது மாதம் முழுவதற்குமான உணவாகாது, ஒரு வாரத்துக்கான தாங்கல்தான். பை பெறும் குடும்பங்களிடமும் அதையே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். மாதம் முழுக்க வரும் என்று நம்பவைத்தால் மூன்றாம் வாரத்தில் அவர்கள் தவித்துப்போவார்கள்.

ஒரு வீட்டுக்கு மொத்தம் கிட்டத்தட்ட 14 கிலோ என்பதால் ஒரே மூட்டையாகக் கட்டாமல் இரண்டாகப் பிரியுங்கள். வயதானவர் ஒரு பையோடு போய்விட்டு, இரண்டாவதை யாரையாவது கொண்டுவரச் சொல்லலாம். எண்ணெய்ப் புட்டியைத் தனியாக, நிமிர்த்தி வையுங்கள். சோப்பையும் தானியத்தையும் ஒரே பையில் போட்டால் மறுநாளே சாப்பாட்டில் சோப்பு மணக்கும். சரக்கைத் தரையில் போடாமல், ஒரு சாண் உயரப் பலகையில், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். ஈரம் ஏறுவதும் எலி ஒளிவதும் சுவரோரத்தில்தான். பழைய சரக்கு முன்னால், புதியது பின்னால்.

பையில் வைக்கக்கூடாதவை இரண்டு உண்டு. ஒன்று, பிரித்த மருந்துகள், யாரோ மிச்சம் வைத்த மாத்திரைகள். இன்னொன்று, குழந்தைகளுக்கான பால்மாவு. சுத்தமான தண்ணீரும் கொதிக்கவைக்க வசதியும் இல்லாத வீட்டில் அது வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். தாய்ப்பாலும் குறைந்துபோகும். கைக்குழந்தைக்குப் பால் இல்லை என்றால் சுகாதாரப் பணியாளரிடம் கூட்டிப்போங்கள். தாய்க்குச் சாப்பாடு கூடுதலாகக் கொடுங்கள். பழைய துணி மூட்டைகளையும் முதல் வருடம் ஏற்காதீர்கள். பிரித்து அடுக்கவே உங்கள் பத்துப் பேரும் தீர்ந்துபோவார்கள்.

கொடுக்கும் நாள்

மாதத்தின் இன்ன வாரம், இன்ன கிழமை, இன்ன நேரம் என்று நிலையாக வைத்து, ஐந்தைந்து குடும்பங்களாக அரைமணி இடைவெளியில் வரச்சொல்லுங்கள். வரிசை நிற்பது என்பது தெருவே பார்க்கும் அவமானம். உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் இருக்கட்டும். அட்டையைப் பார்த்து, எண்ணைப் பதிந்து, கையொப்பமோ கைநாட்டோ வாங்கிப் பையைக் கொடுங்கள். படம் எடுக்கவேண்டாம். நன்கொடையாளருக்குக் காட்டவேண்டுமானால் கட்டிவைத்த பைகளைப் படமெடுத்து அனுப்பலாம்.

பிரசங்கம் முடிந்தால்தான் பை என்று ஒருபோதும் வைக்காதீர்கள். காதில் வசனம் விழுந்தாலும் கண் பையின் மேலேயே இருக்கும். நாளைக்குத் தொழ வருகிறவர் எதற்காக வருகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும். பையைக் கொடுத்த பிறகு, ஜெபிக்கட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு வழியனுப்புங்கள். பட்டியலில் இல்லாத ஒருவர் கட்டாயம் வருவார். அவருக்காக இரண்டு பைகள் கூடுதலாகக் கட்டிவையுங்கள். ஒருமுறை கொடுத்து, அந்த வாரத்திலேயே சந்திக்க ஏற்பாடு செய்யுங்கள்.

வீடுகளைச் சந்திக்க எப்போதும் இருவராகப் போங்கள். அரைமணிக்கு மேல் உட்காரவேண்டாம், குழந்தைகளோடு தனியே ஒருவர் மட்டும் இருக்கவும் கூடாது. அலமாரியை எட்டிப்பார்க்காதீர்கள், "போன பையில் எது மிஞ்சியது?" என்று கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சமைத்த உணவு கொடுக்க ஆசைப்பட்டால் சுருக்கமாக: உள்வரை 70 டிகிரி செல்சியஸ் சூடேறவேண்டும், பரிமாறும்வரை 60க்கு மேல் இருக்கவேண்டும், அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வைத்ததைக் கொடுக்கக்கூடாது. இதைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் வேண்டும். சிறு குழுவுக்கு உலர் பையே மேல் என்பது இதனால்தான்.

மறுபார்வையும் நிறுத்துவதும்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியலை எடுத்துப் பாருங்கள். வேலை கிடைத்த குடும்பத்தை அன்றே நீக்காமல், இன்னும் ஒரு மாதம் கொடுத்து, தேதியைச் சொல்லி முடியுங்கள். சிலருக்கு நிலைமை மாறவே மாறாது. அவர்களை மூன்று மாதக் கணக்குக்குள் அடைக்காதீர்கள். பணம் குறைந்தால் எல்லோருடைய பையையும் பாதியாக்குவதைவிட, புதிதாகச் சேர்ப்பதை நிறுத்துங்கள். ஒட்டுமொத்தமாக நிறுத்தவேண்டி வந்தால் இரண்டு மாதம் முன்பே ஒவ்வொரு வீட்டிலும் நேரில் சொல்லுங்கள். அவர்கள் சம்மதித்தால் விவரங்களை வேறொரு உதவிக் குழுவிடம் ஒப்படைத்துவிட்டு, உங்களிடம் உள்ள பதிவேட்டை எரித்துவிடுங்கள்.