மாசித் தோட்டத்துக்கு வைக்கோல் மூடாக்கு

சம்பா அறுவடை முடிந்து வைக்கோல் எளிதாகக் கிடைக்கும் தை, மாசி மாதங்களிலேயே கத்தரி, மிளகாய், வெண்டைச் செடிகளின் அடியில் அதை 2 அங்குல உயரத்துக்குப் பரப்பிவிட்டால், வெயில் ஏறும் பங்குனியில் தண்ணீர் ஊற்றும் வேலை வெகுவாகக் குறையும். வெயில் நேராக மண்ணில் படாததால் ஈரம் ஆவியாவது மட்டுப்படுகிறது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் நம் டெல்டாக் களிமண்ணுக்கு இதைவிட எளிய காப்பு இல்லை என்பேன். களையும் அதிகம் தலைகாட்டாது. பரப்பும் முன் வைக்கோலை நன்றாக உதறிவிட வேண்டும், ஏனெனில் கதிரில் தங்கிய நெல்மணிகள் ஈரம் பட்டதும் முளைத்து, செடியைச் சுற்றி நாற்றங்கால் போல நெருங்கி நிற்கும். தண்டை ஒட்டிப் போட்டால் தண்டு அழுகக்கூடும் என்பதால் நான்கு விரல் இடைவெளி அவசியம். புதிதாகக் கீரை விதைத்த பாத்திக்கும், கரையான் நடமாட்டம் உள்ள இடத்துக்கும் இந்த முறை பொருந்தாது.