ஸ்லைடில் வரைபடத்தைச் சுருக்க வேண்டாம், அளவாகவே வரையலாம்

மொரீஷியஸில் கூர்ப்பிப்பில் கொட்டும் மழையையும் போர்ட் லூயியில் தூறும் மழையையும் மாதவாரியாக ஒப்பிட்டு ஆர் (R) என்ற புள்ளியியல் மொழியில் ஒரு படம் போட்டு, அதை லேடெக் (LaTeX) என்ற ஆவணம் அமைக்கும் மென்பொருளில் ஸ்லைடு செய்யும் பீமரில் (Beamer) ஏற்றி மோக்காவில் ஒரு கூட்டத்தில் காட்டினேன். இரண்டாவது வரிசையில் இருந்த அக்கா, "தம்பி, கீழே எந்த மாதம்னே தெரியலையே" என்றார். அவர் கேட்டது நியாயம்தான்.

காரணம் வெறும் கணக்கு. ஆரில் பிடிஎஃப்பின் இயல்பு அளவு 7 அங்குலச் சதுரம், அதாவது சுமார் 178 மில்லிமீட்டர். 16:9 பீமர் ஸ்லைடோ மொத்தமே 160க்கு 90 மில்லிமீட்டர், அதிலும் தலைப்புக்கு இடம் விட்டால் படத்துக்கு 65 உயரம் தேறும். 178ஐ 65க்குள் அடக்கினால் எழுத்தும் கூடவே சுருங்கும். ஆரில் படம் வரையும் ஜிஜிபிளாட் (ggplot2) தொகுப்பில் அச்சுக் கோட்டின் எண்கள் இயல்பாக 8.8 பாயிண்ட் (எழுத்தளவின் அலகு), அது 3.2 ஆகிவிடுகிறது. மாத்திரை அட்டையில்கூட இதைவிடப் பெரிதாக அச்சடிப்பார்கள்.

அதனால் முதலில் ஸ்லைடில் எவ்வளவு இடம் என்று பாருங்கள். இரு பக்கமும் 1 சென்டிமீட்டர் ஓரம் போனால் அகலம் 140 மில்லிமீட்டர் (பழைய 4:3 என்றால் 108). அந்தத் தொகுப்பில் படத்தைச் சேமிக்கும் ஜிஜிசேவ் (ggsave) கட்டளையில் அகலம் 140, உயரம் 65 என்று கொடுத்து, அலகு மில்லிமீட்டர் என்றும் மறக்காமல் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அது அங்குலம் என்றே எடுத்துக்கொள்ளும். அப்புறம் லேடெக்கில் படத்தைச் சேர்க்கும் இன்க்ளூட்கிராஃபிக்ஸ் (includegraphics) கட்டளைக்கு அகலம், அளவு எதுவுமே கொடுக்காதீர்கள். அப்போதுதான் படத்தில் நீங்கள் 11 பாயிண்டில் வைத்த எழுத்து ஸ்லைடிலும் 11 பாயிண்டாகவே, பீமரின் சாதாரண எழுத்துக்குச் சமமாக நிற்கும். இரண்டு படம் பக்கத்தில் பக்கத்தில் வேண்டுமா, தலா 67 மில்லிமீட்டரில் வரையுங்கள். எல்லா ஸ்லைடிலும் எழுத்து ஒரே அளவில் வரும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா!

ஒரு இடத்தில் மட்டும் கவனம்: ஜிஜிபிளாட்டில் படத்துக்குள்ளே ஜியோம் டெக்ஸ்ட் (geom_text) கட்டளையால் எழுதும் எழுத்தின் அளவு பாயிண்டில் இல்லை, மில்லிமீட்டரில். அங்கே 11 என்று போட்டால் 31 பாயிண்டுக்குப் பூதமாக வரும். 11 பாயிண்ட் வேண்டுமென்றால் 3.88 போடுங்கள்.

ஆருக்குப் பதில் பைத்தானில் படம் வரையும் மேட்பிளாட்லிப் (matplotlib) என்றால் அங்குலம்தான், 25.4ஆல் வகுத்து 5.51, 2.56 என்று கொடுங்கள். சேமிக்கும்போது ஓரத்தை இறுக்கி வெட்டும் 'டைட்' விருப்பத்தைத் தொடவே வேண்டாம், அது படத்தின் அளவையே மாற்றி இவ்வளவு கணக்கையும் வீணாக்கிவிடும்.

சேமிக்க பிடிஎஃப் நல்லது. பல்லாயிரம் புள்ளிகள் உள்ள படம் மட்டும் திறக்கவே திணறும், அதற்கு 300 டிபிஐ பிஎன்ஜி போதும். மாதப் பெயர்களைத் தமிழில் போடுகிறீர்களா, ஆரின் வழக்கமான பிடிஎஃப்பில் எழுத்துக்குப் பதில் வெறும் புள்ளிகள்தான் வரும். அதற்குப் பதில் ஆரிலேயே உள்ள கைரோ பிடிஎஃப் (cairo_pdf) என்ற சேமிப்பு முறையைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் மாதிரி ஒரு எழுத்துருவையும் கொடுங்கள், என் லினக்ஸ் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறாமல் வருகின்றன.