இலவச பஸ்ஸில் போனாலும் செலவுதான்

2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் மளிகை வாங்க சேலத்து மொத்தச் சந்தையான லீ பஜார் போவது லாபம் என்றுதான் நினைத்திருந்தேன். தெருமுனைக் கடையைவிட மாதச் சாமானில் 80 ரூபாய் குறையும். ஆனால் போய்வர மூன்று மணி நேரம்.

வீட்டில் கொலுசுக்குச் சலங்கை பற்றவைக்கிறேன். மணிக்கு 50 ரூபாய் நிற்கும். ஆக, 80 ரூபாய் மிச்சம் பிடிக்க 150 ரூபாய்க் கூலியை விட்டிருக்கிறேன்! கையிலிருந்து போவது பணச் செலவு. அதே நேரமும் காசும் வேறு எதற்கு உதவியிருக்குமோ, அது வாய்ப்புச் செலவு.

காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். இடப்பக்கம் கொடுக்கும் காசு, வலப்பக்கம் விட்டுக்கொடுப்பது. வலப்பக்கம் ஆகச் சிறந்த ஒன்றை மட்டும் எழுதுங்கள். நான் முதலில் கூலி, தூக்கம், சீரியல் எல்லாவற்றையும் கூட்டிவைத்தேன், வீட்டுக்காரர் சிரித்தார். மூன்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாதே, சரிதான்.

அப்புறம், இந்தக் கணக்கு வாரத்துக்கு வாரம் மாறும். வெள்ளி விலை ஏறி ஆர்டர் நின்றுவிட்டால் என் மூன்று மணி நேரத்துக்குக் கூலியே இல்லை. அன்றைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு லீ பஜார் கிளம்பிவிடுவேன். திரும்பும்போது ஒரு தட்டுவடை செட்டும் உண்டு.