நாலாவது சுவரில்லாத ரூமு: கரீபியன் ரிசார்ட் பார்த்துப் புடிக்கிறது எப்படி

காரைக்குடி, கோட்டையூர், தேவகோட்டை பக்கம் இப்ப ஒரு புதுப் பேச்சு ஓடுது. புள்ளைக டல்லாஸ்லயோ நியூ ஜெர்சியிலயோ இருந்துக்கிட்டு "ஆத்தா, இந்த லீவுக்கு நீங்களும் அப்பச்சியும் வந்துருங்க, எல்லாருமா கரீபியன் போவோம், ரூமுல ஒரு பக்கம் சுவரே இருக்காதாம், படுத்துக்கிட்டே கடல் பாக்கலாமாம்"னு போன் போடுதுக. எங்க பெரியாத்தா கேட்ட மொத கேள்வி, சுவரே இல்லன்னா ராத்திரி கதவப் பூட்டி என்ன பிரயோசனம்னு. எல்லாரும் சிரிச்சோம். ஆனா ரூம் புக் பண்றப்ப ரிசார்ட்காரவுகள்ட்ட கேக்க வேண்டிய மொத கேள்வியே அதுதான்னு எனக்குப் புரிய ரெண்டு ட்ரிப் ஆச்சு.

மொத ட்ரிப் ஏமாந்த ட்ரிப், ரெண்டாவது தேறுன ட்ரிப். அதுக்கப்புறம் சொந்தத்துல நாலஞ்சு குடும்பத்துக்கு நாந்தேன் உக்காந்து ரூம் பார்த்துக் கொடுத்தேன். காசு பெரிய காசு, ஒரு ராத்திரி வாடகையில இங்க ஒரு சின்ன விசேஷத்துக்குப் பந்தி போட்டுறலாம், அதனால கொஞ்சம் நீட்டியே சொல்றேன்.

மொதல்ல எப்பப் போறதுங்கறத முடிவு பண்ணுங்க, தீவு அப்புறம். சம்மர்னு புள்ளைக சொல்றது ஜூன், ஜூலை, ஆகஸ்ட்டு. நமக்குக் கோடைன்னா ஏப்ரல் கடைசி, மே. இந்த ஒரு மாச வித்தியாசத்துலதான் எல்லாமே இருக்கு. கரீபியன்ல டிசம்பர் நடுவுலருந்து ஏப்ரல் நடு வரைக்கும் பீக் சீசன், வெள்ளக்காரவுக குளிருக்குப் பயந்து வர்ற நேரம், வாடகை உச்சத்துல நிக்கும். ஏப்ரல் பாதி தாண்டுனா விலை எறங்கும். அட்லாண்டிக் புயல் சீசன் ஜூன் 1ல ஆரம்பிச்சு நவம்பர் 30 வரைக்கும். அப்ப ஏப்ரல் கடைசியும் மேயும் நடுவுல மாட்டுன ஒரு சந்து, விலையும் கம்மி, புயல் பயமும் கம்மி, நம்ம ஊரு பள்ளிக்கூட லீவும் அதேதான். இங்க அக்னி நட்சத்திரம் மண்டையப் பொளக்கும்போது அங்க முப்பது டிகிரிக்குப் பக்கத்துல, கடக்காத்தோட இருக்கும். பேரன் பேத்திக்கு அமெரிக்காவுல ஸ்கூல் இருக்கேன்னா ஜூன்லயே போயிட்டு வந்துருங்க, ஆகஸ்ட் பாதிலருந்து அக்டோபர் பாதி வரைக்கும்தான் புயலோட உச்சம், செப்டம்பர்ல நெறய ரிசார்ட்டு அவுகளே பூட்டிட்டு மராமத்து பாப்பாக.

ஜூன்ல புயலே வராதுன்னும் நான் சொல்லல. 2024 ஜூலை 1ல பெரில் புயல் கிரெனடாவச் சேர்ந்த கரியாகு தீவ அடிச்சுத் தரைமட்டமாக்கிட்டுப் போச்சு, அவ்வளவு சீக்கிரத்துல அவ்வளவு பெரிய புயலு அங்க வந்ததே இல்ல. 2017 செப்டம்பர்ல இர்மா பார்புடாவ அடிச்சப்ப தீவையே காலி பண்ணி எல்லாரையும் ஆன்டிகுவாவுக்குக் கூட்டிட்டுப் போனாக. ஜூலை ஆகஸ்ட்டத் தவிர வேற வழியில்லன்னா தெக்க போங்க. அரூபா, பொனேர், குராசோ மூணும் வெனிசுவேலாவ ஒட்டி, புயல் பாதைக்குத் தெக்க கெடக்கு. அரூபாவுல மழையே சொற்பம், வருசத்துக்கு ஐநூறு மில்லிமீட்டர் தேறாது, கள்ளிச்செடியும் பாறையுமா நம்ம செம்மண் காடு மாதிரிதான் இருக்கும், பச்சைப்பசேல்னு எதிர்பார்த்துப் போனா மொகம் தொங்கிப்போகும். பச்சை வேணும்னா செயின்ட் லூசியா, டொமினிகா, கிரெனடா.

இனி தெச. இத யாரும் சொல்றதில்ல, நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம் இது. அந்தப் பக்கம் காத்து வருசம் பூராம் கெழக்கு, வடகெழக்குலருந்துதான் வீசும். கெழக்குக் கரை அட்லாண்டிக்கப் பாத்தது, அலை ஓங்கி அடிக்கும், மேக்குக் கரை அமைதி, தண்ணி நம்ம ஊருணி மாதிரி கெடக்கும். நாங்க மொத தடவ போனது ஒரு கெழக்குக் கரை ரிசார்ட்டு, பேரு வேணாம், போட்டோவுல கடல் நீலமா மின்னுச்சு, விலையும் பக்கத்து ரிசார்ட்ட விட கம்மி, அடிச்சுதுடா யோகம்னு புக் பண்ணிட்டோம். போயி எறங்குனா கரையெல்லாம் பழுப்பு நெறத்துல கடல்பாசி, முழங்கால் ஒயரம், சர்காசம்னு பேரு. 2011லருந்து வருசா வருசம் அட்லாண்டிக்லருந்து குவியல் குவியலா வந்து ஒதுங்குது, வசந்தத்துலருந்து கோடை வரைக்கும் அதிகம். அழுகுச்சுன்னா அழுகுன முட்ட நாத்தம். நல்ல ரூம்னா ஜன்னலச் சாத்தலாம், நாங்க எடுத்ததோ ஓப்பன் ஏர், சாத்த எங்க ஜன்னல் இருக்கு? அஞ்சு ராத்திரியும் நாத்தத்தோடதான் படுத்தோம். நாலாம் நாள் பாத்தா எம்மக கால்ல கெடந்த வெள்ளிக்கொலுசு அடுப்புக்கரி மாதிரி கறுத்துக் கெடக்கு. அந்தப் பாசி அழுகையில வர்ற வாயு வெள்ளியக் கறுப்பாக்கும்னு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு. ஆசாரிட்ட கொண்டாந்து கொடுத்தப்ப "எந்தச் சாக்கடையில விட்டிய"ன்னு கேட்டாரு, என்னத்தச் சொல்ல.

அதனால ரிசார்ட் பேரு கெடச்சதும் கூகுள் மேப்ப சேட்டிலைட்டுல போட்டு ரூமு எந்தக் கடலப் பாத்து இருக்குன்னு பாருங்க. ஏப்ரலுக்கும் ஆகஸ்ட்டுக்கும் நடுவுல போறதா இருந்தா மேக்குக் கரையிலயே தேடுங்க. பார்படோஸ், செயின்ட் லூசியா, அரூபா மூணுலயும் பேரு வாங்குன அமைதியான பீச்செல்லாம் பெரும்பாலும் மேக்காலதான் இருக்கு. ரிவ்யூ படிக்கயில நட்சத்திரத்த எண்ணாதீங்க, நீங்க போற மாசத்துல போயிட்டு வந்தவுக என்ன எழுதியிருக்காகன்னு மட்டும் பாருங்க, பிப்ரவரியில போனவுக புகழ்ச்சி நமக்கு எதுக்கு.

ஓப்பன் ஏர்னு போட்டிருந்தா அது நாலு விதமா இருக்கும். பால்கனியில கண்ணாடிக் கதவு வச்சிட்டு அதையே ஓப்பன் ஏர்னு சொல்றவுகளும் உண்டு. செயின்ட் லூசியாவுல சூஃப்ரியர் ஊருக்கு மேல இருக்குற ஜேட் மவுண்டன், லடேரா மாதிரி எடத்துல நெசமாவே நாலாவது சுவர் கெடையாது, கட்டில்ல படுத்தா எதிர்த்தாப்புல கடல்லருந்து முளைச்ச மாதிரி பிட்டன்னு ரெண்டு கூர்மலை நிக்கும், 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்த மலை அது. ரூமுக்குள்ளயே குளம் மாதிரி நீச்சல் தொட்டி வச்சிருப்பாக. மூணாவது வகை மரப்பட்டி ஜன்னல், பட்டியத் தெறந்தா காத்து, சாத்துனா இருட்டு, நம்ம வீட்டு முகப்பு ஜன்னல் மாதிரியேதான், எனக்கு இதுதான் ரொம்பப் புடிக்கும். நாலாவது, ரூம் பூட்டுற ரூமுதான், குளியல் மட்டும் வெட்டவெளி.

இதுல எது நல்லதுன்னு பாக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேணாம், நம்ம வளவுல வளந்தவுகதான நம்ம எல்லாரும். நடுவுல வானம் பாத்த முற்றம், சுத்தித் தாழ்வாரம், முன்வாசல்ல நின்னா கொல்லைக்கதவு வரைக்கும் நேரா தெரியும், காத்து அப்புடியே ஊடு போகும். ஐப்பசியில மழை கொட்டும், ஆனா தாழ்வாரத்துல உக்காந்திருக்குற ஆயா மேல சாரல் அடிக்காது, ஏன்னா ஓடு அவ்வளவு தூரம் எறங்கி வந்திருக்கும். முற்றத்துக்கு மேல கம்பி போட்டிருப்பாக, கள்ளனுக்கும் கொரங்குக்கும். ஆக ரிசார்ட்காரவுகளுக்கு மெயில் போடும்போது இதத்தான் கேளுங்க. காத்தோட மழை வந்தா சாரல் எது வரைக்கும் வரும், கட்டில் நனையுமா, கூரை எவ்வளவு வெளிய நீண்டிருக்கு? பதில் தெளிவா வந்தா நல்ல எடம், "எங்கள் விருந்தினர்கள் இயற்கையை ரசிப்பார்கள்"னு வந்தா நனையும்னு அர்த்தம். மலைமேல இருக்குற ரூமுல ஓரமா வச்ச பொட்டியெல்லாம் ஈரமாகும், பட்டுச்சீலை கொண்டு போகாதீக, அந்தக் காத்துல உப்பும் ஈரமும் சேந்து துணியே காயாது.

பூட்டு விசயம். திறந்த பக்கம் பள்ளத்தாக்கோ செங்குத்துப் பாறையோ இருந்தா யாரும் ஏறி வர முடியாது, அங்க கவலையில்ல. தரைமட்டத்துல தோட்டத்தப் பாத்த ஓப்பன் ரூம்னா யோசிங்க, பாஸ்போர்ட் வைக்க ரூமுலயே லாக்கர் இருக்கான்னு கேட்டுக்கங்க. அதே செங்குத்துப் பாறைதான் சின்னப் புள்ளைகளுக்கு எமன். மலையோர ரூமுல கைப்பிடிச் சுவர் இல்லாமலே இருக்கும், அதனாலயே பல எடத்துல சின்னப் புள்ளைகளச் சேக்குறதில்ல, பெரியவுகளுக்கு மட்டும்னு போட்டிருப்பாக. பேரனக் கூட்டிட்டுப் போயி வாசல்ல நிக்காதீங்க, வயசு விதிய மொதல்லயே பாருங்க. முழங்கால் வலி இருக்குற ஆச்சிமாருக்கு ரிசப்ஷன்லருந்து ரூமுக்கு எத்தன படின்னும் கேளுங்க, அம்பது அறுவது படியெல்லாம் அங்க சாதாரணம், பிள்ளையார்பட்டி மாதிரி சமதரைன்னு நெனச்சுக்கிட்டுப் போனா குன்றக்குடி மலை ஏற வச்சிருவாக.

கொசு. கொசுவல இல்லாத ஓப்பன் ரூம எடுக்கவே எடுக்காதீங்க, அவ்வளவுதான். டெங்கு, சிக்குன்குனியா அங்கயும் உண்டு, அந்தக் கொசு பகல்ல கடிக்கிறது, அதனால மதியத் தூக்கத்துக்கும் வல வேணும். கடக்கரையில வெள்ளனயும் அந்தி சாயும்போதும் கண்ணுக்கே தெரியாத ஒரு மணல் பூச்சி கடிக்கும். கட்டிலுக்கு மேல பெரிய ஃபேன் இருந்தா பாதி பிரச்சன தீந்துரும், கரன்ட் போனா ஜெனரேட்டர் ஃபேன ஓட்டுமா இல்ல ரிசப்ஷன் லைட்ட மட்டும் ஓட்டுமான்னும் கேளுங்க. அப்புறம் சத்தம். ராத்திரி பூராம் மரத்தவள விசில் அடிக்கும், பெருவெரல் நகம் அளவுதான் இருக்கும், சத்தம் மட்டும் கல்யாண வீட்டு நாயனம். எனக்கு ரெண்டாம் நாள் பழகிருச்சு, எங்க வீட்டுக்காரவுக காதுல பஞ்ச வச்சுக்கிட்டுத்தான் படுத்தாக.

துணி மாத்துறது, குளிக்கிறது பத்தியும் கூச்சப்படாம கேட்டுக்கங்க. கிணத்தடியில, ஊருணியில குளிச்சவுகதான் நாம, ஆனாலும் எதிர் ரூம்காரவுக பால்கனி நம்ம குளியலப் பாத்து இருந்தா என்ன சொகம். மாமனார் மாமியார் கூட வர்றாகன்னா அவுகளுக்குப் பூட்டுற ரூமும், சின்னஞ்சிறுசுகளுக்கு ஓப்பன் ரூமும் ஒரே ரிசார்ட்ல எடுங்க, குடும்ப அமைதிக்கு அதான் நல்லது.

காசு விசயத்துல வெப்சைட்டுல போட்டிருக்குறது கடைசி வெல இல்ல, வரியும் சர்வீஸ் சார்ஜும் மேல ஏறும், எல்லாம் சேத்து மொத்தம் எவ்வளவுன்னு எழுத்துல வாங்குங்க. கிழக்கு கரீபியன் டாலர்னு ஒண்ணு ஓடும், ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70, 1976லருந்து அதே ரேட்டு, கடைக்காரவுக சொல்ற டாலர் எந்த டாலர்னு கேட்டுட்டுக் காசு நீட்டுங்க. புயல் வந்தா பணம் திரும்புமா, இல்ல வேற தேதிக்கு மாத்தி மட்டும் கொடுப்பாகளான்னு பாருங்க. இன்சூரன்ஸ டிக்கெட் போட்ட அன்னைக்கே எடுங்க, புயலுக்குப் பேரு வச்சதுக்கப்புறம் எடுத்தா அந்தப் புயலுக்கு அது செல்லாது.

இங்கருந்து போறவுகளுக்கு ஒண்ணு. திருச்சியோ மதுரையோ ஏறி, லண்டன் வழியாப் போனா பார்படோஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியாவுக்கு நேரா ஃப்ளைட் உண்டு. அமெரிக்கா வழின்னா ஏர்போர்ட்ட விட்டு வெளிய வராட்டியும் விசா வேணும், ட்ரான்சிட்தானன்னு அசந்துறாதீங்க. லண்டன்லயும் ஏர்போர்ட்டுக்குள்ளயே ஃப்ளைட் மாறுனாலும் இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பொதுவா ட்ரான்சிட் விசா கேப்பாக, ஹீத்ரோ ஏர்போர்ட்ல எறங்கி காட்விக் ஏர்போர்ட்ல ஏறுற மாதிரி டிக்கெட் போட்டீகன்னா ஊருக்குள்ள வர்றதுக்கான விசாவும் பாத்துக்கங்க. மார்டினிக், குவாடலூப் ரெண்டும் பிரான்ஸுக்குச் சொந்தம், ஐரோப்பா போக வாங்குற சாதா ஷெங்கன் விசாவ வச்சுக்கிட்டு உள்ள போக முடியாது. ட்ரினிடாட் போயிட்டு வந்தா இங்க திரும்பி எறங்கும்போது மஞ்சக்காமாலை ஊசின்னு நம்ம ஆளுக தப்பாச் சொல்ற மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்று காட்டணும், கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுறாக, பயணத்துக்குப் பத்து நாள் முன்னாடியே போட்டிருக்கணும்.

சாப்பாடு ரொம்பக் கவலப்படாதீங்க. அங்கயும் நம்ம சனம் போயிருக்கு, நம்ம செட்டிமாரு பர்மா, மலாயான்னு கொண்டுவிக்கப் போன காலத்துக்கு நடுவுலயே பாண்டிச்சேரி, காரைக்கால்லருந்து கரும்புத் தோட்டக் கூலிக்குக் கப்பல் ஏறுனவுக, 1853லருந்து மார்டினிக்குக்கும் 1854லருந்து குவாடலூப்புக்கும் போயிருக்காக, அங்க மாரியம்மன் கோயில் இன்னும் இருக்கு. அவுக மசாலா போட்டு வைக்கிறதுக்குக் கொலம்போன்னு பேரு, காதுல விழும்போது எனக்குக் குழம்புன்னுதான் விழுகுது. ட்ரினிடாட் போனா ரொட்டியும் கடலக் கறியும் வச்ச டபுள்ஸ் தெருத்தெருவா கெடைக்கும். ரிசார்ட்ல சைவம்னா மீன் சாப்பிடுவீகளான்னு திரும்பக் கேப்பாக, அதனால மீனும் வேணாம், முட்டையும் வேணாம்னு தனித்தனியாச் சொல்லணும். பருப்புப்பொடி ஒரு பாக்கெட்டு பொட்டியில போட்டுக்கங்க, சீல் போட்டதா இருக்கட்டும். எலக்ட்ரிக் குக்கர் தூக்கிட்டுப் போகாதீங்க, பார்படோஸ்ல 115 வோல்ட்டுதான், சோறு வேகுறதுக்குள்ள ஃப்ளைட் வந்துரும்.

போன எடத்துல கடக்கரையோரம் செவப்புப் பட்டை அடிச்ச மரம் இருந்தா அதுக்கடியில ஒதுங்காதீங்க, மஞ்சினீல்னு பேரு, மழைத்தண்ணி அதுலருந்து சொட்டுனாலே தோல் பொங்கிரும், காயி பாக்க சின்ன ஆப்பிள் மாதிரி இருக்கும், பேரப்புள்ளைட்ட மொத நாளே காட்டிக் கொடுத்துருங்க. அப்புறம் ஓப்பன் ரூமுல காலையில காபி வைக்கும்போது சர்க்கரைக் கிண்ணத்த மூடி வைங்க, நெஞ்சு மஞ்சளா தேன்சிட்டு மாதிரி ஒரு குருவி நேரா உள்ள வந்து கிண்ணத்து விளிம்புல உக்காந்துக்கும், வெரட்டுனாலும் போகாது. எங்க அப்பச்சி அதுக்குன்னே தனியா ஒரு சாஸர்ல சர்க்கரை வச்சுட்டுத்தான் பேப்பர் விரிச்சாக.