நுரையீரல் உறை ஆபரேஷனுக்கு வெளிநாடு போகும் முன்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் நெஞ்சில், நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் நீர் கோத்துவிட்டது என்று தெரிந்ததும், சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் பிள்ளைகள் "இங்கே கூட்டிட்டு வந்துடுங்க" என்பார்கள். போகலாம். ஆனால் என்ன நோய் என்பது டிக்கெட் போடும் முன் இங்கேயே தெரிந்தாக வேண்டும்.

நம் ஊரில் இந்த நீருக்கு முக்கியமான காரணம் காசநோய். ஊசியால் எடுத்த நீரில் ஏடிஏ என்ற நொதியின் அளவு 40 யூனிட்டைத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும். உறுதியானால் பெரும்பாலானோருக்கு 6 மாத மாத்திரையே போதும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். சளியில் கிருமி இருப்பவர் விமானம் ஏறக் கூடாது.

உறைக்குள் சேர்ந்தது சீழ் என்றால், அது விசாவுக்குக் காத்திருக்காது. உடனே உள்ளூரில் நெஞ்சில் டியூப் போட்டு வடிக்க வேண்டும். தள்ளிப்போட்டால் சில வாரங்களில் உறை தடித்து நுரையீரலை விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். டியூபோடு முடிந்திருக்க வேண்டியது, உறையை உரித்தெடுக்கும் பெரிய ஆபரேஷனாகிவிடும்.

ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் வரும் மீசோதீலியோமா புற்றுநோய் என்றால், நிலத்தை விற்றுப் பணம் கட்டும் முன் ஒன்றைக் கேளுங்கள். 2024-இல் முடிவு வெளியான பிரிட்டனின் மார்ஸ் 2 ஆய்வில், கீமோவோடு உறையை உரிக்கும் ஆபரேஷனும் செய்துகொண்டவர்களைவிடக் கீமோ மட்டும் எடுத்தவர்களே கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். "அப்படியிருந்தும் எங்களுக்கு ஏன் ஆபரேஷன்?" என்பதற்கு அந்த சர்ஜன் தெளிவாகப் பதில் சொல்ல வேண்டும்.

சிடி ஸ்கேன் பிலிம் மட்டும் போதாது. கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கும் டைகாம் வடிவில் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். பயாப்சி எடுத்திருந்தால் ரிப்போர்ட்டோடு எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் ஸ்லைடும் வேண்டும். எழுதிக் கொடுத்தால் லேப்பில் தருவார்கள். பிளாக்கைக் கைப்பையில் வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் மெழுகு இளகக்கூடும்.

விமானத்தில்தான் பெரிய ஆபத்து. கேபின் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதற்குச் சமம். நெஞ்சுக்குள் நுரையீரலுக்கு வெளியே காற்று தங்கியிருந்தால் அது அங்கே கால் பங்குக்கு மேல் விரிந்து நுரையீரலை அமுக்கும். அதனால் புறப்படும் முன் புது எக்ஸ்ரே கட்டாயம். நோயாளி பறக்கத் தகுதியானவரா என்று ஏர்லைன்ஸ் கேட்கும் மெடிஃப் படிவத்தை டாக்டரிடம் நிரப்பி வாங்கிச் சில நாள் முன்பே அனுப்புங்கள். உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 92 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் விமானத்திலும் ஆக்சிஜன் தேவைப்படும். சொந்த சிலிண்டரைப் பொதுவாக ஏற்ற விடமாட்டார்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், அனுமதி பெற்ற பேட்டரி கான்சன்ட்ரேட்டர்தான் வழி. பேட்டரி, பயண நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு இருக்க வேண்டும். நாகையிலிருந்து திருச்சி ஏர்போர்ட் வரையிலான 3 மணி நேரக் கார் பயணத்தையும் அதில் சேருங்கள், பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

டியூபோடு வேறு ஆஸ்பத்திரிக்குக் காரிலோ ஆம்புலன்ஸிலோ போக நேர்ந்தால், டியூப் வடியும் பாட்டில் நெஞ்சுக்குக் கீழே நிமிர்ந்தே இருக்கட்டும். டியூப் முனை பாட்டிலில் உள்ள தண்ணீருக்குள் 2 செ.மீ. ஆழத்தில் இருக்க வேண்டும். குமிழி வரும் டியூபைக் கிளிப் போட்டு அடைக்கவே கூடாது. வெளியேற வழியில்லாத காற்று உள்ளேயே சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.

திரும்பும் டிக்கெட் தேதி மாற்றக்கூடியதாக இருக்கட்டும். உறை உரித்தபின் நுரையீரலிலிருந்து காற்றுக் கசிவு 5 நாளுக்கு மேல் நீடிப்பது உண்டு. நுரையீரல் முழுதாக விரிந்தது என்று எக்ஸ்ரே காட்டிய நாளிலிருந்து குறைந்தது 7 நாள் கழித்தே பறக்கலாம். பெரிய ஆபரேஷன் என்றால் டாக்டர் இன்னும் தள்ளச் சொல்வார். அதுவரை மூச்சை இழுத்தால் பந்து மேலே எழும் மூன்று பந்துக் கருவியில் மணிக்கு 10 முறை மூச்சை உள்ளிழுக்கட்டும். வலிக்குப் பயந்து இதை விட்டால் சளி கட்டி நிமோனியா வரலாம்.

திருச்சியில் இறங்கியதும் திடீர் மூச்சுத்திணறலோ, ஒரு காலில் மட்டும் வீக்கமோ, காய்ச்சலோ இருந்தால் ஊருக்கு வண்டி ஏறாமல் அங்கேயே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.