லீக்கனரி வாய் திறக்காதபோது

தோவாளைப் பூச்சந்தையின் அன்றாட விலையைக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை நாகர்கோவிலில் நாங்கள் உருவாக்கியபோது, விலைப்பட்டியலைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் நினைவகப் பயன்பாடு ஏறியதே தவிர இறங்கவில்லை. ஆனால், தேவை முடிந்த பொருள்கள் நினைவகத்திலேயே தங்கிவிடும் கசிவைக் கண்டறியச் சேர்த்திருந்த லீக்கனரி (LeakCanary) ஓர் எச்சரிக்கையும் தரவில்லை. நச்சுவாயுவை முன்கூட்டியே உணர்த்த நிலக்கரிச் சுரங்கத்தில் வைத்திருந்த கேனரிக் குருவியின் பெயரைத் தாங்கிய கருவி அது. குருவி ஓய்ந்தால் தொழிலாளர்கள் அஞ்சினார்கள், நாங்களோ நிம்மதியடைந்தோம்.

முதலில் கருவி ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். செயலியின் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் (Logcat) LeakCanary என்று வடிகட்டினால், செயலி தொடங்கியதும் அது தயாராக இருப்பதைச் சொல்லும் வரி தெரியும். தெரியாவிட்டால், பிழைதிருத்தத்துக்கான டிபக் பதிப்புக்கு மட்டும் கருவியைச் சேர்த்துவிட்டு, பயனர்களுக்கான ரிலீஸ் பதிப்பைச் சோதித்துக்கொண்டிருக்கக்கூடும்.

வரி தெரிந்தும் அறிவிப்பு வராவிட்டால், ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குத் தனி அனுமதி தேவை என்பதையும், பிழைதிருத்தக் கருவியான டிபக்கர் இணைந்திருக்கும்போது லீக்கனரி இயல்பாக ஹீப் டம்ப் (நினைவகத்தில் உள்ள பொருள்களின் நகல்) எடுப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

எங்களை ஏமாற்றியது வேறொன்று. அழிந்த ஆக்டிவிட்டியோ (செயலியின் ஒரு திரை) ஃபிராக்மென்ட்டோ (திரையின் ஒரு பகுதி) 5 விநாடிக்குப் பிறகும் நினைவகத்தில் தங்கியிருந்தால்தான் லீக்கனரி அதைக் கணக்கில் எடுக்கும். செயலி திரையில் இருக்கும்வரை அப்படி 5 பொருள்கள் சேர்ந்த பின்னரே டம்ப் எடுக்கும். திரையிலிருந்து விலகிவிட்டால் ஒன்றே போதும். நாங்கள் பக்கத்தை மூன்று முறை திறந்து பார்த்துவிட்டு, செயலியை அப்படியே விட்டிருந்தோம். ஹோம் பொத்தானை அழுத்திச் சற்றுப் பொறுத்ததும் டம்ப் தொடங்கியது.

கருவி மீது ஐயம் தீராவிட்டால், ஆக்டிவிட்டியை, செயலி ஓடும்வரை அழியாத ஸ்டாட்டிக் (static) பட்டியல் ஒன்றில் வேண்டுமென்றே சேர்த்து, திரையைச் சுழற்றி, ஹோம் அழுத்திப் பாருங்கள். சோதனை முடிந்ததும் அந்த வரியை மறவாமல் நீக்குங்கள். எங்கள் குழுவில் அது இரண்டு நாள் அங்கேயே கிடந்தது.

டம்பை ஆராய்ந்து லீக்கனரி தரும் அறிக்கை வந்த பின் அதை முழுவதும் படிக்க வேண்டியதில்லை. கசியவில்லை என்று குறித்த கடைசிப் பொருளுக்கும், கசிகிறது என்று குறித்த முதற்பொருளுக்கும் இடையே நெளிகோடிட்ட இணைப்புகளிலேயே குற்றவாளி இருக்கும். எங்களிடம் அது, விலை மாறியதும் அதைக் கேட்டறியும் லிசனர் என்ற நிரல்துண்டு: செயலி முழுவதும் வாழும் ஒற்றைப் பொருளான சிங்கிள்டனில் பதிந்து, மூடப்பட்ட பக்கத்தின் வியூவைப் (திரைத்தோற்றத்தை) பற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தின் வியூ அழியும்போது இயங்கும் ஆன்டெஸ்ட்ராய்வியூவில் (onDestroyView) அதன் பதிவை நீக்கிவிட்டு, அதே மூன்று முறையும் ஹோம் பொத்தானுமாகச் சோதித்தபோது டம்ப் எழவில்லை. நினைவக வரைபடமும் இறங்கியது.