பழைய எம்ஜிபி வெயில்ல கொதிக்குதா? இப்படிப் பாருங்க

1962ல இருந்து 1980 வரைக்கும் இங்கிலாந்துல அபிங்டன்ல செஞ்ச எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார், கலிஃபோர்னியா அரிசோனா பக்கம் இன்னும் நிறைய ஓடிட்டிருக்கு. 1798 சிசி இரும்பு எஞ்சின், ஒழுங்கா வச்சிருந்தா ஃபீனிக்ஸ்ல 43 டிகிரி வெயில்லயும் தாக்குப்பிடிக்கும். இங்கிலீஷ் கார்னாலே சூடாகும்னு சொல்றவங்கள விடுங்க.

ஸ்டெப் 1: ஸ்பேனர் எடுக்கறதுக்கு முன்னாடி, எப்ப சூடாகுதுன்னு பாருங்க. சிக்னல்ல நிக்கும்போது டெம்பரேச்சர் மீட்டர் முள்ளு ஏறி, வண்டி நகர்ந்ததும் இறங்குச்சுன்னா காத்து பத்தல. ஹைவேல போகப்போக ஏறுச்சுன்னா பெரும்பாலும் தண்ணி ஓட்டம்தான் பிரச்சனை. இதைப் பாக்காம நேரா பெரிய ஃபேன் வாங்கி மாட்டுறது காசு தண்டம்.

ஸ்டெப் 2, காத்து. ஃபேன் பெல்ட்டை நடுவுல அமுக்கினா அரை இன்ச் போல அமுங்கணும், அதுக்கு மேல போனா லூஸ். ரேடியேட்டரைச் சுத்தி இருக்கற ஃபோம் சீல் உதிர்ந்திருந்தா காத்து ரேடியேட்டர் வழியா போகாம சந்துல நழுவிடும், அதை மாத்துங்க. க்ரில் முன்னாடி அழகுக்கு மாட்டின ஃபாக் லைட்டும் காத்தை மறைக்கும்.

ஸ்டெப் 3, தண்ணி. எஞ்சின் நல்லா ஆறின பிறகுதான் ரேடியேட்டர் மூடியத் திறக்கணும், சூட்டோட திறந்தா மூஞ்சி வெந்துடும். ரேடியேட்டரை மட்டும் காலி பண்ணி நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா எஞ்சின் ப்ளாக் பக்கவாட்டுல தண்ணி வடிக்கற ப்ளக் ஒண்ணு இருக்கு, துருவும் சேறும் தங்கறது ப்ளாக்குக்குள்ளதான், அதனால அதையும் திறந்து தெளிஞ்ச தண்ணி வர்ற வரைக்கும் ஹோஸ் போட்டு அலசுங்க. அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிக்குப் பாதி. மூடியோட ரப்பர் வெடிச்சிருந்தா அதையும் மாத்துங்க, அது குக்கர் வெயிட் மாதிரிதான், 10 பிஎஸ்ஐ அழுத்தம் பிடிச்சா கொதிநிலை 15 டிகிரி கூடும்.

தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடற வால்வை, கழட்டி வீசச் சொல்லுவாங்க, வேண்டாம். ஒரு பாத்திரத்துல தண்ணி சூடு பண்ணி உள்ள போட்டு தெர்மாமீட்டர் வச்சுப் பாருங்க, 82 டிகிரி மாடல்னா அந்த சூட்டுக்கிட்ட திறக்க ஆரம்பிக்கணும், திறக்கலன்னா புதுசு போடுங்க.

இவ்வளவும் சரியா இருந்தும் சூடாகுதா? இக்னிஷன் டைமிங், அதாவது ஸ்பார்க் அடிக்கற நேரம், பின்தங்கியிருக்கான்னு செக் பண்ணுங்க.

ரோட்டுல திடீர்னு முள்ளு சிவப்புக்கு ஏறிடுச்சுன்னா ஹீட்டரை ஃபுல்லா வைங்க, வேர்த்துக் கொட்டும், ஆனா எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும், அதுக்குள்ள ஓரம் கட்டிடுங்க. வடிச்ச கூலண்ட்டை மட்டும் திறந்து வச்சுட்டுப் போகாதீங்க, இனிப்பா இருக்கறதால நாய் நக்கிடும், விஷம் அது.